பதக்கத்தில் இல்லாத மூன்று ஊர்கள்

பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஷ்மிட் நினைவிடத்தைத் தாண்டி வடக்கே நடந்தால், வலைகளும் ஃபைபர் படகுகளும் கிடக்கும் மணலில் ஊரூர் ஒல்காட் குப்பம் தொடங்குகிறது. அதற்கும் வடக்கே உடைந்த பாலமும் அடையாற்றின் முகத்துவாரமும் இருக்கின்றன. இந்தச் சிறிய கரையில் வெளிநாட்டுப் பெயர்கள் நெருக்கமாக நிற்கின்றன. எலியட்ஸ் பீச் என்ற பெயரில் ஓர் ஆங்கிலேய அதிகாரி இருக்கிறார். நகரின் பெயரில் அன்னி பெசன்ட் இருக்கிறார். 1930 டிசம்பரில் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்ட டேனிஷ்காரர் ஷ்மிட்டுக்கு வெள்ளை நினைவிடம் இருக்கிறது. இவர்களில் பட்டாளத்துப் பட்டத்தோடு அறியப்பட்டவர் ஒருவர்தான்: கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட். வெள்ளைக்கார கர்னல் என்றதும் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தைச் சேர்ந்தவர் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒல்காட் பிரிட்டிஷ்காரரே அல்ல. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1832-ல் பிறந்தவர். அந்நாட்டு உள்நாட்டுப் போரின்போது ராணுவத் துறையின் சிறப்பு ஆணையராக இருந்து, படைக்குப் பொருள் கொடுத்த ஒப்பந்தக்காரர்களின் மோசடிகளைத் தோண்டியெடுத்ததால் வந்தது அவருடைய கர்னல் பட்டம். கணக்குப் புத்தகத்தோடு போரிட்ட கர்னல் அவர்.

சென்னைக்கு இன்னொரு கர்னலும் உண்டு. அவர் சென்னைப் பட்டாளத்தில் முப்பது ஆண்டு இருந்தவர், பிரிகேடியர் ஜெனரலாக லக்னோவில் செத்தவர், மவுண்ட் ரோட்டில் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் வெண்கலமாக நின்றவர். ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல் என்பது அவர் பெயர். நம் தாத்தாக்கள் 'நீலன்' என்றார்கள். அவரைப் போன்ற ஓர் அதிகாரியின் வாழ்க்கையை இன்று யாராவது எழுத உட்கார்ந்தால் முதலில் கையில் எடுப்பது அவர் மார்பில் குத்தியிருந்த பதக்கங்களைத்தான். எந்தப் போர், எந்த ஆண்டு, எந்தப் பட்டை என்று வரிசையாக அடுக்கினால் ஒரு வாழ்க்கை வரலாறு தயாராகிவிடும். இந்த வழக்கத்தை நான் மறுக்கிறேன். போர்ப் பதக்கம் ஒருவர் எங்கே இருந்தார் என்பதற்கு மட்டுமே சான்று. அங்கே என்ன செய்தார் என்பதை அது சொல்வதில்லை. பல வேளைகளில், மறைக்க வேண்டிய இடத்தில் மௌனமாக இருக்கவும் அதற்குத் தெரியும். நீலின் பதக்கம் இதற்குத் துல்லியமான எடுத்துக்காட்டு.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். வீரச் செயலுக்குத் தரும் விருது வேறு, போரில் பங்கெடுத்த அனைவருக்கும் தரும் போர்ப் பதக்கம் வேறு. முன்னதற்கு என்ன செய்தார் என்ற குறிப்பு உண்டு. பின்னதற்குப் பெயர்ப் பட்டியலில் இருந்தாலே போதும். சென்னைப் பட்டாளம் வாங்கிய போர்ப் பதக்கங்களில் புகழ்பெற்றது ஸ்ரீரங்கப்பட்டினப் பதக்கம். 1799 மே 4 அன்று திப்பு சுல்தானின் கோட்டை வீழ்ந்ததற்காக இங்கிலாந்தின் பர்மிங்காமில், மாத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் அடித்தார்கள். ஒரு பக்கத்தில் சிங்கம் புலியை வீழ்த்தி அதன்மேல் நிற்கிறது. புலி திப்புவின் சின்னம் என்பதால் செய்தியில் ஒளிவுமறைவு இல்லை. மறுபக்கத்தில் கோட்டைச் சுவர் உடைப்பில் படை ஏறுகிறது. அச்சு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், உலோகம்தான் வேறு. பெரிய தளபதிகளுக்குத் தங்கம், அடுத்த நிலைக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி, கேப்டன்களுக்கும் அவர்களுக்குக் கீழுள்ள அதிகாரிகளுக்கும் வெள்ளி, ஹவில்தார் போன்றோருக்கு வெண்கலம், சிப்பாய்க்கும் சாதாரண வெள்ளைக்காரச் சோல்ஜருக்கும் தகரம். ஒரே சுவர் உடைப்பில், ஒரே தோட்டா மழையில் ஏறியவர்களை அளக்க ஐந்து உலோகம் தேவைப்பட்டது. கொள்ளைப் பங்கிலும் இதே படிக்கட்டுதான். தலைமைத் தளபதி ஹாரிஸுக்கு 1,40,000 பவுனுக்கு மேல் போனது, சிப்பாயின் கைக்குச் சில பவுன்கள் வந்தன. கோட்டை விழுந்த இரவில் நகரத்தில் நடந்த சூறையாடலைப் பற்றிப் பதக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை.

இதையும் மிஞ்சும் கதை, 1851-ல் வந்த 'இந்தியப் படைப் பதக்கம்'. 1803 முதல் 1826 வரை நடந்த போர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். அப்போது உயிரோடு இருந்து, உரிமை கோரியவர்களுக்கே அது கிடைத்தது. 1803-ல் அஸ்ஸாயிக் களத்தில் வெல்லெஸ்லியின் கீழ் நின்ற சென்னைச் சிப்பாய்க்கு இருபது வயது என்று வைத்தாலும், 1851-ல் அவருக்கு அறுபத்தெட்டு. எழுத்தறியாத கிழவர், ஏதோ ஒரு கிராமத்தில், லண்டனில் அறிவித்த பதக்கத்துக்கு எப்படி மனுப் போடுவார்? கொடுக்கப்பட்ட சில ஆயிரம் பதக்கங்களில் இந்தியர் பெற்றவை மிகக் குறைவு. அந்தப் பதக்கப் பட்டியலை மட்டும் வைத்து வரலாறு எழுதினால், அஸ்ஸாயில் போரிட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் என்று எழுத வேண்டியிருக்கும். அது பொய்.

இனி நீலுக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் ஏர் பகுதியில் 1810-ல் பிறந்து, 1827-ல் சென்னை ஐரோப்பியப் படைப்பிரிவில் சேர்ந்தார். பெயரில் சென்னை இருந்தாலும் அதன் சோல்ஜர்கள் எல்லோரும் ஐரோப்பியர். தன் படைப்பிரிவின் வரலாற்றைப் புத்தகமாகவே எழுதி 1843-ல் வெளியிட்ட அளவுக்கு அதன்மீது அவருக்குப் பற்று இருந்தது. 1852-ல் இரண்டாம் பர்மியப் போரில் பணியாற்றினார், அந்தப் போருக்கான பதக்கப் பட்டை 'பெகு'. கிரிமியப் போரின்போது துருக்கியப் படையணியில் பொறுப்பு வகித்தார். 1857-ல் வடக்கே கிளர்ச்சி மூண்டதும், மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் என்று அப்போது பெயர் பெற்றிருந்த தன் படையோடு கடல்வழியாகக் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். ஹௌராவில் தன் ஆட்கள் வந்து சேருமுன் ரயில் கிளம்பப் பார்த்தது. நிலைய ஊழியர்களைக் காவலில் வைத்து வண்டியை நிறுத்தினார். இந்த ஒரு நிகழ்ச்சிக்காகவே ஆங்கிலேயச் செய்தித்தாள்கள் அவரைக் கொண்டாடின. செப்டம்பர் 25 அன்று லக்னோவுக்குள் ஜெனரல் ஹேவ்லாக்கின் படை புகுந்தபோது தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். 'சர்' பட்டம் பெற்றவரின் மனைவிக்குரிய தகுதியை அரசி விக்டோரியா அவருடைய மனைவிக்கு அளித்தார்.

அந்தப் போருக்காக 1858-ல் அறிவிக்கப்பட்ட பதக்கத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். வெள்ளி. ஒரு பக்கம் இளமையான விக்டோரியாவின் தலை. மறுபக்கம் மாலையை நீட்டி நிற்கும் பிரிட்டானியா, பின்னால் சிங்கம், மேலே 'இந்தியா' என்ற சொல். வெள்ளை நாடாவில் இரண்டு சிவப்புக் கோடுகள். விளிம்பில் வாங்கியவரின் பெயர். நாடாவில் கோக்கும் பட்டைகள் ஐந்து: டெல்லி, லக்னோ பாதுகாப்பு, லக்னோ மீட்பு, லக்னோ, மத்திய இந்தியா. ஏறத்தாழ 2,90,000 பேருக்குக் கொடுத்த பதக்கம் இது. ஹேவ்லாக்கோடு செப்டம்பரில் லக்னோவுக்குள் நுழைந்தவர்களுக்கு உரிய பட்டை 'லக்னோ பாதுகாப்பு'. நீல் அந்த நகரத்துக்குள் உயிரோடு இருந்தது ஒரே ஒரு நாள்கூட இல்லை. அவர் அதிகாரம் செலுத்திய ஊர்கள் மூன்று: காசி, அலகாபாத், கான்பூர். ஐந்து பட்டைகளில் அந்த மூன்றும் இல்லை.

பெரிய முற்றுகைகளுக்கும் போர்த்தொடர்களுக்கும் மட்டுமே பட்டை கொடுத்தார்கள், அதனால் விடுபட்டன என்று ராணுவ வரலாறு படித்தவர்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன், வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதக்கத்தின் இலக்கணமே அப்படித்தான் என்பது என் வாதத்துக்கு இன்னும் வலுச் சேர்க்கிறது. எதிரி துப்பாக்கியோடு நின்ற இடத்துக்குப் பட்டை உண்டு. எதிரி என்று பெயர் சூட்டப்பட்டவன் கையில் ஒன்றும் இல்லாமல் மரத்தடியில் நின்ற இடத்துக்குப் பட்டை கிடையாது. ஆகவே ஓர் அதிகாரி செய்ததிலேயே கொடியது எதுவோ, அதைப் பற்றிப் பேச அந்த வெள்ளி வட்டத்தில் இடமே இல்லை.

அந்த மூன்று ஊர்களில் நடந்ததைப் பிரிட்டிஷாரே எழுதி வைத்திருக்கிறார்கள். ஜூன் 4 அன்று காசியில் 37ஆம் காலாட்படைச் சிப்பாய்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கும் வேலை குழப்பமாகி, விசுவாசமாக இருந்த சீக்கியர்கள் மீதும் பீரங்கி வெடித்தது. பிறகு தூக்குமரங்கள் எழுந்தன. கிளர்ச்சிக்காரரின் கொடியைப் பிடித்துக்கொண்டு தமுக்கடித்துப் போன சிறுவர்களுக்குக்கூட மரண தண்டனை விதித்தார்கள் என்றும், தீர்ப்புச் சொன்ன அதிகாரிகளில் ஒருவர் கண்ணீரோடு தளபதியிடம் போய் அந்தப் பிள்ளைகளை விட்டுவிடக் கேட்டும் பயனில்லை என்றும் வரலாற்றாசிரியர் ஜான் வில்லியம் கே பதிவு செய்கிறார். அங்கே நாட்டிய தூக்குமரம் ஒவ்வொன்றையும் நீலின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. சிவில் அதிகாரிகளும், தாமாக முன்வந்த வெள்ளைக்காரக் குழுக்களும் அதில் இறங்கியிருந்தார்கள். ஆனால் அலகாபாத்தில் ஜூன் 11 முதல் படை அதிகாரம் அவர் கையில். அங்கிருந்து கான்பூர் நோக்கி மேஜர் ரெனோவின் தலைமையில் முன்னணிப் படையை அனுப்பியபோது எழுத்தில் கொடுத்த உத்தரவு அவருடையது. குறிப்பிட்ட சில கிராமங்களைத் தாக்கி அழிக்க வேண்டும், அங்குள்ள ஆண்கள் அனைவரையும் கொல்ல வேண்டும், ஃபதேபூரின் துணைக் கலெக்டர் பிடிபட்டால் தூக்கிலிட்டுத் தலையை நகரின் முக்கியமான முஸ்லிம் கட்டடம் ஒன்றில் குத்தி வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தப் படை போன பாதையில் இரண்டு நாளில் 42 பேர் சாலையோரம் தூக்கிலிடப்பட்டதையும், அதில் பன்னிரண்டு பேர் செய்த குற்றம் படை எதிர்ப்பட்டபோது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டதுதான் என்பதையும் டைம்ஸ் நிருபர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல் அந்தப் படையோடு போன அதிகாரி ஒருவர் சொல்லக் கேட்டு எழுதினார். கான்பூரில் ஜூலை 25 அன்று நீல் இன்னோர் உத்தரவு போட்டார். கைதியைத் தூக்கில் போடுமுன், ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட பீபிகரில் உறைந்திருந்த ரத்தத்தில் ஒரு பகுதியை அவனே சுத்தம் செய்ய வேண்டும், மறுத்தால் சவுக்கடி. கைதியின் சாதிக்கும் மதத்துக்கும் எது அருவருப்போ, அதைத் தேடிப் பிடித்து வடித்த தண்டனை.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு பீபிகர்தான். கான்பூரில் சிறைவைத்திருந்த ஏறக்குறைய 200 ஆங்கிலேயப் பெண்களையும் குழந்தைகளையும் வெட்டிக் கிணற்றில் போட்டார்கள். அது மன்னிக்க முடியாத கொலை, அதை யார் செய்திருந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். அந்தக் காட்சியைக் கண்டவன் மனம் கொதித்து எதையும் செய்வான், நீலும் அப்படித்தான் என்பார்கள். தேதிகளைப் பாருங்கள். பீபிகர் படுகொலை ஜூலை 15. ரெனோவின் படை அலகாபாத்தைவிட்டுக் கிளம்பியது ஜூன் 30. கான்பூரின் சத்திசௌரா படித்துறையில் ஜூன் 27 அன்று ஆங்கிலேயர்கள் சுடப்பட்ட செய்திகூட அப்போது அலகாபாத்துக்கு வந்திருக்கவில்லை. கிராமங்களை எரிக்கும் உத்தரவுக்குப் பீபிகரைக் காரணம் காட்டுவது, பின்னால் வந்ததை முன்னால் தூக்கி வைப்பது. மீரட்டிலும் டெல்லியிலும் அலகாபாத்திலும் அதற்கு முன்பே ஆங்கிலேயர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள் என்பது உண்மை. அந்தக் கோபம் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கொலைகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத சாலையோரக் கிராமத்தின் ஆண்கள் அத்தனை பேரையும் கொல் என்று எழுதுவது, கோபத்தில் வாளை ஓங்குவது போன்றதல்ல. மேசையில் உட்கார்ந்து யோசித்து எழுதிய திட்டம் அது.

அந்தக் காலத்து அளவுகோல் வேறு, இன்றைய நீதியை அன்றைய மனிதன்மேல் சுமத்தலாமா என்ற கேள்வி இதைவிட யோசிக்க வைப்பது. அதனால்தான் அன்றைய அளவுகோலையே எடுக்கிறேன். அந்த 1857 ஜூலை 31-லேயே கவர்னர் ஜெனரல் கானிங், கண்டபடி தூக்கிலிடுவதையும் கிராமங்களை எரிப்பதையும் கட்டுப்படுத்தித் தீர்மானம் வெளியிட்டார். அதற்காகக் கல்கத்தாவின் வெள்ளைக்காரர்கள் அவரை 'கருணை கானிங்' என்று ஏசினார்கள். தலைமைத் தளபதியாக வந்த சர் காலின் கேம்பல், ரத்தம் கழுவ வைக்கும் தண்டனையைத் தன் நாட்டுப் பெயருக்கு இழுக்கு என்று நிறுத்தினார். இருவரும் நீலின் காலத்தவர், நீலின் தரப்பினர். அன்றைய அளவுகோலிலேயே அளந்து பார்த்துத்தான் அவர்கள் இதைத் தவறு என்றார்கள். சாமான்ய மக்களுக்கு அப்போது அளவுகோல் எது என்று கேட்கவே வேண்டாம்.

இன்னொரு தரப்பின் மனத்தாங்கலை நான் மதிக்கிறேன். தமிழ்நாட்டில் பட்டாளத்துக் குடும்பங்கள் பல. கொள்ளுத்தாத்தா வாங்கிய வெள்ளிப் பதக்கத்தைச் சாமி அலமாரியில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. பதக்கம் என்றாலே பொய் என்று சொன்னால் அவர்கள் நெஞ்சில் குத்தும். நான் அப்படிச் சொல்லவில்லை. விளிம்பில் பெயர் பொறித்த அந்தப் பதக்கம், எழுத்தில் வேறு தடயம் விட்டுவைக்காத சிப்பாய் ஒருவர் வாழ்ந்ததற்கு ஒரே ஆவணமாகவும் இருக்கலாம். என் வாதமே, என்ன செய்தார் என்பதைத் தனியாகத் தேட வேண்டும் என்பதுதான். தேடினால் பெருமையும் கிடைக்கும். காஞ்சிபுரம் பக்கத்து ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த, மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி ஒன்று வெடிக்கப்போவது தெரிந்து, அதன்மேல் விழுந்து தன்னோடு வந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் விருதுக் குறிப்பு அந்தச் செயலைச் சொல்கிறது. அங்கே விருதும் செயலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அதே சாம்ராஜ்யம் 1856-ல் விக்டோரியா கிராஸை உருவாக்கிவிட்டு, 1911 வரை இந்தியச் சிப்பாய்க்கு அதைப் பெறும் தகுதியே இல்லை என்று வைத்திருந்ததையும் மறக்கக் கூடாது.

நீலுக்கு மார்புப் பதக்கம் போதவில்லை என்று கருதிய சென்னையின் ஆங்கிலேயர்கள், மாத்யூ நோபல் என்ற சிற்பியைக் கொண்டு வெண்கலச் சிலை வடித்து மவுண்ட் ரோட்டில் நிறுத்தினார்கள். வங்காளத்தில் கலகப் பெருக்கை முதன்முதலில் அணைபோட்டு நிறுத்தியவர் என்று பீடத்தில் பொறித்தார்கள். அதுவும் பதக்கத்தின் மொழிதான். அணை எதனால் கட்டப்பட்டது என்று அதில் இல்லை. 1927-ல் தமிழ் மக்கள் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அதுதான் நீலன் சிலை சத்தியாகிரகம். திருநெல்வேலி சோமயாஜுலு முன்னின்றார். மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் தொண்டர்கள் வந்து சிலையைச் சேதப்படுத்த முயன்று சிறை போனார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் தன் ஒன்பது வயது மகளோடு கலந்துகொண்டார். விருதுநகரிலிருந்து இருபத்து நான்கு வயது காமராஜ், அந்தப் போராட்டத்தை நடத்தக் காந்தியின் ஒப்புதலைக் கேட்டார். சைமன் கமிஷன் எதிர்ப்பு வந்து கவனத்தைத் திருப்பிக்கொண்டதால் போராட்டம் ஓய்ந்தது. பத்தாண்டு கழித்து, 1937-ல் ராஜாஜி முதல்வரானதும் சிலை சாலையிலிருந்து அகன்றது. இப்போது அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சிலையை அகற்றுவது வரலாற்றை அழிப்பது என்று அன்றும் சொன்னார்கள், உலகெங்கும் இன்றும் சொல்கிறார்கள். நீல் விஷயத்தில் நடந்தது அதற்கு நேர்மாறு. சாலையில் நின்றவரை அது மரியாதை, யாரும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகலாம், பாடம் எதுவும் இல்லை. சத்தியாகிரகம்தான் அலகாபாத்தையும் கான்பூரையும் தமிழ்ப் பத்திரிகைகளின் பக்கங்களுக்குக் கொண்டுவந்தது. உருக்கிவிடாமல் அருங்காட்சியகத்தில் வைத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அந்தமானில் அவர் பெயர் தாங்கிய நீல் தீவு 2018-ல் ஷஹீத் தீவு ஆனது. ஒரு தீவுக்குப் புதுப் பெயர் சூட்டிவிடலாம், சிலை ஒரு கேள்வியாக மிஞ்ச வேண்டும்.

முதலில் சொன்ன கர்னல் ஒல்காட் 1882-ல் அடையாற்றங்கரைத் தோட்டத்துக்குப் பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையாரோடு வந்து, 1907 பிப்ரவரி 17 அன்று அங்கேயே இறந்தார். அவர் பங்கெடுத்த உள்நாட்டுப் போருக்கு அமெரிக்கத் தரைப்படை போர்ப் பதக்கம் உருவாக்கியதே இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான். அவரை நாம் நினைப்பதற்குக் காரணம் வேறு. 1894-ல் ஊரூரில், பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். பிரம்மஞானிகளின் பரிவில் மேலிருந்து கீழே பார்க்கும் பார்வை இருந்தது என்பார்கள். இருந்திருக்கலாம். அந்த விமர்சனத்தைச் செய்வதற்கான எழுத்தறிவைப் பலருக்குக் கொடுத்ததும் அப்படிப்பட்ட பள்ளிகள்தான். அவர் பெயரிலான பள்ளி பெசன்ட் நகரில் இன்றும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் நடக்கிறது. கர்னல் என்ற சொல் அதில் தேய்ந்து போய், குப்பத்தின் பெயரில் வெறும் ஒல்காட் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எழும்பூரில் நீலின் காலடியில் ஒரு தமிழ்ப் பலகை வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. வசை வேண்டாம், புகழும் வேண்டாம். ஜூன் 4 காசி, ஜூன் 11 அலகாபாத், ஜூன் 30 ரெனோவின் படை கிளம்பியது, ஜூலை 15 பீபிகர், ஜூலை 25 கான்பூர் உத்தரவு, ஜூலை 31 கானிங்கின் தீர்மானம். இந்த ஆறு தேதிகளையும் ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்று நடந்ததையும் வரிசை மாறாமல் எழுதினால் போதும். பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா வரும் பிள்ளைகள் நின்று படித்துக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.